ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கூடவா கார்டு?

— ஒரு எலுமிச்சம்பழம்க்கா! ஒத்த எலுமிச்சம்பழம்! அதுக்குப் போயி யாராவது கார்டு தேய்ப்பாங்களா?

— தேய்ச்சேன். இப்ப என்னாங்கிற?

— அதுவும் யாரு கார்டு? செத்துப்போன அம்மாவோட கார்டு!

— மெதுவாப் பேசு. அப்பா பால்கனியில உக்காந்திருக்காரு.

— நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? திருட்டுத்தனம் பண்ணது நானா?

— டேய், வந்து இன்னும் அரை நாள் ஆகல. நீ டீ குடிச்ச டம்ளரை நான் இன்னும் கழுவல. அதுக்குள்ள அக்கா திருடியாயிட்டாளா?

— திருடின்னு நான் சொல்லல. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அம்மா போயி ஏழு மாசமாச்சு. இந்த ஏழு மாசத்துல அவங்க டெபிட் கார்டுல எழுநூத்திப் பன்னண்டு தடவை செலவாயிருக்கு. யாரு பண்ணது?

— நான்தான். வேற யாரு, பேயா எறங்கிப் போயி தக்காளி வாங்கும்?

— உனக்குக் கிண்டலா இருக்கு.

— கிண்டலா? வயிறு பத்திக்கிட்டு எரியுதுடா எனக்கு. அந்தக் காகிதக் கட்டு எங்கேருந்து வந்துச்சு உனக்கு?

— அந்த அக்கவுண்ட்டு அம்மா பேரும் என் பேரும் சேர்ந்தது. மறந்துட்டியா? மூடிடலாம்னு போன வாரம்தான் போன்ல பேங்க் ஆப்பைத் திறந்தேன். திறந்தா வரிவரியா ஓடுது. ஆபீஸ்லயே பிரிண்ட் எடுத்துட்டேன். பதினெட்டுப் பக்கம்.

— பதினெட்டுப் பக்கம் உக்காந்து படிக்க நேரம் இருக்கு. பெத்த அப்பனுக்கு வாரம் ஒரு போன் பண்ண நேரம் இல்ல.

— பேச்சை மாத்தாத. என் வேலையே இதுதான்க்கா. இன்சூரன்ஸ்ல பணம் கேட்டு வர்றவன்ல எவன் சொல்றது நெசம், எவன் சொல்றது பொய்னு பிரிக்கிறது. தினம் நாலு பேரு என் தலையில மிளகாய் அரைக்க வர்றான். ஒருத்தனும் அரைச்சதில்ல.

— ஓஹோ. துரை வீட்டுக்கு வரல, கேஸ் பாக்க வந்திருக்காரு. நம்பர் போட்டுட்டீங்களா எனக்கு?

— இங்க பாரு. போன மாசம் பதினாலாம் தேதி. பத்தே காலுக்கு ரொட்டி. பன்னண்டரைக்கு அரை லிட்டர் பால். நாலு மணிக்கு ஒரு சோப்பு. ஆறே முக்காலுக்கு இந்த எலுமிச்சம்பழம். நாலும் கீழ இருக்கிற அதே கடை, சாமான் பேரையும் மணியையும் மெஷின்லயே அடிச்சு அனுப்புறான். ஒரே தடவையில வாங்கி ஒரு பையில போட்டுக்கிட்டு வந்தா என்ன கேடு?

— படி ஏறி இறங்கினா உடம்பு இளைக்கும்.

— மூணு மாடி! ஒரு நாளைக்கு நாலு தடவை! முட்டி வலி தாங்கலைன்னு போன மாசம் போன்ல அழுதது யாரு?

— அழுதேன். ஒரு தைலப் புட்டி அனுப்பினியா நீ? "எக்ஸ்ரே எடு"ன்னு ஒரு வார்த்தை. அதோட போனை வச்சுட்டே.

— அக்கா, எங்க ஆபீஸ்ல இதெல்லாம் தினம் பாக்குறோம். பெரிய தொகையா எடுத்தா மாட்டிக்குவோம்னு சின்னச் சின்னதா பிரிச்சு எடுப்பானுங்க. அப்பத்தான் யாரு கண்ணுலயும் படாது.

— அடப்பாவி. எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாச் சேத்து நான் பங்களா கட்டப் போறேன், அப்படித்தானே? நல்லாப் பாரு, பதினெட்டுப் பக்கத்துல எனக்குன்னு ஒரு சேலை இருக்கா? ஒரு செருப்பு இருக்கா? கண்ணாடிக் கடையில பதினோரு வருஷம் லென்ஸ் தேய்ச்சவடா நான். முதலாளி கடைச் சாவியையே என் கையில குடுத்துட்டுப் போவாரு. அந்த வேலையை விட்டுட்டு இவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என்கிட்ட வந்து பிரிச்சு எடுத்தேன்ங்கிற.

— வேலையை விடுன்னு நான் சொன்னேனா?

— சொல்ல மாட்டே. நீ எதைத்தான் சொன்னே?

— பாப்பா! யாரும்மா அங்க சண்டை போடுறது?

— டி.வி.ப்பா! நாடகம் ஓடுது. நீங்க உக்காருங்க.

— சத்தத்தைக் குறைம்மா. அந்தப் பொம்பளையை அவன் ரொம்பத் திட்டுறான்.

— குறைச்சுட்டேன்ப்பா!

— நல்லாத்தானே பேசுறாரு. நீதான் போன்ல என்னமோ அவருக்கு ஒண்ணுமே தெரியலைங்கிற மாதிரி ஊதிப் பெருசாக்குற.

— காலையில நீ உள்ள நுழைஞ்சதும் உன்கிட்ட என்ன கேட்டாரு?

— அது… வெளிச்சத்துல சரியாத் தெரிஞ்சிருக்காது.

— என்ன கேட்டாரு, சொல்லு.

— குழாய் ரிப்பேர் பண்ண வந்திருக்கியான்னு கேட்டாரு. ஏழு மாசமாச்சு பாத்து. நானும் கொஞ்சம் வெயிட் போட்டிருக்கேன்.

— ஆமா, வெயிட் போட்டா பெத்த புள்ளை குழாய்க்காரன் ஆயிடுவான்.

— சரி விடு. போனது போகட்டும். சண்டை போடவா வந்தேன்? உனக்காக ஒண்ணு கொண்டாந்திருக்கேன். இந்தா.

— என்ன இது?

— கிரெடிட் கார்டு. என் கார்டோட சேர்த்து உன் பேர்ல ஒண்ணு வாங்கியிருக்கேன். வீட்டுச் செலவு மொத்தத்தையும் இதுல பண்ணு. மாசாமாசம் பில்லை நான் கட்டிடுறேன். உனக்கு ஒரு பைசா செலவில்ல.

— வேண்டாம்.

— எதுக்குன்னு கேக்கக்கூட மாட்டியா? டெபிட் கார்டுங்கிறது என்ன? தேய்ச்ச அடுத்த நிமிஷம் நம்ம காசு போயிடும். நாளைக்கே எவனாவது அந்த நம்பரைத் திருடினான்னு வை, அக்கவுண்ட்டையே வழிச்சு எடுத்துட்டுப் போயிடுவான். நாம பேங்க் வாசல்ல போயி நிக்கணும். கிரெடிட் கார்டுல போனா அது பேங்க்காரன் காசு. "நான் பண்ணல"ன்னு ஒரு போன் போட்டா அவன் துரத்திக்கிட்டு ஓடுவான். அப்புறம் நாப்பத்தஞ்சு நாள் வட்டி கிடையாது. பாயிண்ட் வேற சேரும்.

— பாயிண்ட்டா? ரெண்டு வருஷம் சேத்து வச்ச பாயிண்ட்டுக்கு உனக்கு என்னடா குடுத்தான்? ஒரு குடை. அதுவும் விரிச்சா மடங்கல, மடக்கினா விரியல.

— குடையை விடு.

— வட்டி கிடையாதாம். உன் பொண்டாட்டிகிட்ட நானும் பேசுறேன்டா. ஃபிரிட்ஜ் வாங்கினது எந்தக் கார்டுல? அந்த ஃபிரிட்ஜ் ரிப்பேராகிக் கடைக்கே போயிடுச்சு, நீ இன்னும் தவணை கட்டிக்கிட்டிருக்கே. ஒரு மாசம் தேதி தவறினதுக்கு என்ன போட்டான்னு அவ சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா. இதுல என்னை வேற இழுத்து விடுறியா?

— அது ஒரு மாசம். ஒரே ஒரு மாசம். அவளுக்கு வேற வேலை இல்ல, அதை உன்கிட்ட சொல்லியிருக்கா. அக்கா, கையில இருக்கிற காசைச் செலவு பண்ணாம பேங்க் காசுல நாளை ஓட்டுறது ஒரு திறமை. எல்லாரும் பண்றாங்க.

— பண்ணட்டும். எனக்குக் கையில இருக்கிறது போதும். இருந்தா வாங்குவேன், இல்லைன்னா பேசாம இருப்பேன். ஒண்ணு கேக்குறேன், இந்தக் கார்டுல நான் ரொட்டி வாங்கினா மெசேஜ் யாருக்கு வரும்?

— எனக்குத்தான் வரும். கார்டு என்னோடது இல்ல?

— அதானே பாத்தேன். ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே அக்கா பத்தேகாலுக்கு என்ன வாங்கினா, பன்னண்டரைக்கு என்ன வாங்கினான்னு எண்ணணும் உனக்கு. பாசம்னு நெனச்சு ஏமாந்திருப்பேன்.

— உனக்கு எதைக் குடுத்தாலும் குத்தம். சரி, என் கார்டு வேண்டாம். அப்பா கார்டு இருக்கில்ல? அவரு பென்ஷன் அவரு அக்கவுண்ட்ல தானே வருது? அதைத் தேய்க்க வேண்டியதுதானே?

— முடியாது.

— ஏன் முடியாது? இதுதான்க்கா எனக்கு மண்டை காயுது. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி அப்பா அக்கவுண்ட்லேருந்து அம்மா அக்கவுண்ட்டுக்குப் பணம் போகுது. அந்த மாசம் என்ன செலவோ அதே அளவு. பைசா சுத்தமா. நீதானே போடுறே?

— ஆமா, நான்தான்.

— அப்ப நீ எதையும் எடுக்கல.

— இப்பத்தான் தெரியுதா? அந்தப் பக்கத்தை முதல்ல படிச்சிருந்தா திருடின்னு சொல்லியிருக்க மாட்டே.

— எடுத்திருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்! கஷ்டம், எடுத்துட்டா, கேட்டா அழுவா, விட்டுடலாம்னு இருந்திருப்பேன். இது என்னக்கா பைத்தியக்காரத்தனம்? உயிரோட இருக்கிறவரு பணத்தை எடுத்து, செத்தவங்க அக்கவுண்ட்ல போட்டு, அதுலேருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை எலுமிச்சம்பழம் வாங்குற. ஏன்? எதை மறைக்கிற?

— உன்கிட்ட சொல்ல மாட்டேன்.

— என்கிட்ட ஏன் சொல்ல மாட்டே?

— சொன்னா நீ நேரா அவருகிட்ட போயி நிப்பே. உண்மை பேசுற புண்ணியவான் இல்ல நீ? நாலு மாசத்துக்கு முன்னாடி போன்ல அவருகிட்ட என்னடா சொன்னே?

— அவரு அம்மாவைக் கூப்பிடுன்னு சொன்னாரு. அம்மா இறந்துட்டாங்கப்பா, மனசைத் தேத்திக்கோங்கன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? அப்பாகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?

— நீ சொல்லிட்டு போனை வச்சுட்டே. உனக்கு மீட்டிங். அதுக்கப்புறம் மூணு நாள் இந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?

— நீயா சொன்னாத்தானே தெரியும்! எதைக் கேட்டாலும் மூடி மறைக்கிறது, அப்புறம் நீ கேட்டியா நீ கேட்டியான்னு என் மேலயே பாயுறது. போதும்க்கா. பேங்க்குக்குத் தெரிஞ்சா என்னாகும்னு யோசிச்சியா? செத்தவங்க கார்டை வேற ஆளு தேய்ச்சா அது கேஸ். அக்கவுண்ட்ல என் பேரு இருக்கு. பொய்யைப் பிடிக்கிற வேலையில இருந்துக்கிட்டு என் வீட்டுலயே இது நடந்துச்சுன்னா, நாளைக்கே என்னை வெளியில தள்ளிடுவான்.

— ஆங், இப்ப வந்துச்சு பாரு நெசம். அக்கா மேல அக்கறையும் இல்ல, அம்மா மேல மரியாதையும் இல்ல. உன் வேலை.

— ஆமா, என் வேலைதான்! அதுல வர்ற காசுலதான் என் புள்ளைங்க சாப்பிடுது. அந்தக் கார்டைக் குடு.

— குடுக்க மாட்டேன்.

— அக்கா, குடுத்துடு.

— கிட்ட வராத. சின்ன வயசுல அறைஞ்சது ஞாபகம் இருக்கில்ல?

— சரி. நீயே வச்சுக்க. கார்டு உன் கையில இருந்தா என்ன, ஆப்பு என் கையில இருக்கு.

— என்ன பண்ற? டேய், என்ன பண்ற? போனைக் கீழ வை. கால்ல விழுறேன்டா, வை!

— முடிஞ்சுது. நிரந்தரமா நிறுத்தவான்னு கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கிட்டேன்.

— திருப்பிப் போடு.

— திருப்பிப் போட முடியாது. நிரந்தரம்னா நிரந்தரம். இனி இந்தா, இந்தக் கார்டைப் பிடி, மரியாதையா ஒரு மாசத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில வாங்கு.

— பாவி. பாவி. என்னன்னு தெரியாமயே கொன்னுட்டியேடா.

— யாரைக் கொன்னேன்? என்னக்கா உளறுற? ஏன் அழுவுற இப்ப?

— அழுகையா இது? ஆத்திரம்டா! கேளு. இனி மறைச்சு என்ன ஆகப் போகுது? அம்மா போயி முதல் மூணு வாரம் தினம் காலையில எழுந்து "உங்கம்மா எங்க"ன்னு கேப்பாரு. உன்னை மாதிரிதான் நானும், உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் அன்னைக்குத்தான் செத்த மாதிரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவாரு. சாயங்காலம் மறந்துடும். மறுநாள் காலையில மறுபடியும் உங்கம்மா எங்க. மறுபடியும் சாவு. இருபத்தியோரு நாள், இருபத்தியோரு சாவுடா இந்த வீட்டுல. நீ பதினாறாம் நாளே லீவு முடிஞ்சுதுன்னு கிளம்பிட்டே.

— அக்கா…

— பேசாத. இருபத்திரெண்டாம் நாளு சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம்னு படுத்துட்டாரு. பக்கத்து வீட்டம்மாவை உக்கார வச்சுட்டு, ரொட்டியாவது குடுப்போம்னு கீழ ஓடினேன். அலமாரியில ரெண்டு கார்டும் ஒரே நீலம். அவசரத்துல அவரு கார்டுன்னு நெனச்சு அம்மா கார்டை எடுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டுக்கும் ரகசிய நம்பரும் ஒண்ணு, அவங்க கல்யாண வருஷம். தேய்ச்சுட்டு மேல வந்து பாக்குறேன், மனுஷன் எழுந்து உக்காந்து கண்ணாடி போட்டுக்கிட்டு இருக்காரு. கையில அம்மாவோட போன். அது அவரு கையை விட்டு இறங்காது, உனக்குத் தெரியுமில்ல? அம்மா கார்டைத் தேய்ச்சா மெசேஜ் அந்தப் போனுக்குத்தான் வரும். மேல அம்மா பேரு, கீழ வாங்கின சாமான் பேரு போட்டு வரும். என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. "உங்கம்மா கடையில ரொட்டி வாங்குறா, இப்ப வந்துடுவா"ங்கிறாரு. அன்னைக்கு ரெண்டு வேளை சாப்பிட்டாரு.

— அதனாலதான் நாலு தடவை…

— ஒரு மெசேஜ் வந்தா மூணு மணி நேரம் தாங்கும். அப்புறம் முகம் மாறும். எழுந்து வாசக்கதவை இழுப்பாரு. நான் கீழ ஓடுவேன். வாங்க என்ன இருக்கு வீட்டுல? பால் இருக்கும், ரொட்டி இருக்கும். ஒரு சோப்பு வாங்குவேன். ஒரு எலுமிச்சம்பழம் வாங்குவேன். கடைக்காரர் முதல்ல எரிஞ்சு விழுந்தாரு. விஷயத்தைச் சொன்னப்புறம் அவரே, "இன்னைக்கு ஊசி நூல் வாங்கிட்டுப் போங்கம்மா, அம்மா தைக்கிறாங்கன்னு நெனச்சுக்குவாரு"ங்கிறாரு. கடைக்காரருக்குப் புரிஞ்சது உனக்குப் புரியலடா. உன் கிரெடிட் கார்டு மெசேஜ் யாருக்கு வரும்? உனக்கு. அப்பா கார்டு மெசேஜ்ல யாரு பேரு வரும்? அவரு பேரு. அதை வச்சு நான் என்ன பண்ணட்டும்?

— எனக்கு எப்படிக்கா தெரியும்? முன்னாடியே சொல்லியிருந்தா…

— சொல்லியிருந்தா அது பொய்னு சொல்லியிருப்பே. அப்பாவை ஏமாத்துறேன்னு சொல்லியிருப்பே. இல்லைன்னு சொல்லு பாப்போம்.

— சொல்லியிருப்பேன்தான். சரி, இப்ப… இப்ப மெசேஜ் வராது. அவ்வளவுதானே? ரெண்டு நாள் தேடுவாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம், நான் லீவு சொல்றேன். வேற ஏதாவது வழி பாப்போம்க்கா. மெசேஜே வரலைன்னா மெல்ல மறந்துடுவாரு.

— வராதுன்னா நான் ஏன்டா பதறுறேன்? கார்டை நிறுத்தினா நிறுத்தியாச்சுன்னு ஒரு மெசேஜ் வருமா வராதா?

— வரும்.

— எந்த நம்பருக்கு?

— ஐயோ.

— மரம் மாதிரி நிக்காத. அவரு எழுத்தெழுத்தாக் கூட்டித்தான் படிப்பாரு. ஓடு, படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தப் போனை வாங்கு!

— அப்பா! அப்பா, அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க, நான் பாத்துட்டு…

— விடு கையை! எவன் அவன்? எந்தப் படுபாவி உங்கம்மா கார்டை நிறுத்தினவன்? எடுத்து வச்சதையெல்லாம் திருப்பி வைன்னு சொல்லியிருப்பானுங்க, கடையில அத்தனை பேரு முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பா. வழியை விடுங்க ரெண்டு பேரும், நான் போயி அவளைக் கூட்டிட்டு வரேன்.